புத்தாண்டு இலைக்கு மாங்காய்ப் பச்சடி

மாங்காய்ப் பச்சடியில் ஆறு சுவையும் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த ஆறும் தனித்தனியாக நாக்கில் தெரிந்தால்தான் பச்சடி நன்றாக வந்திருக்கிறது என்று பொருள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டால் இனிப்புக் கூழ்தான் மிஞ்சும். எதை எப்போது சேர்க்கிறோம் என்பதில் இருக்கிறது பக்குவம்.

ஏப்ரல் 14 வாக்கில் சித்திரை பிறக்கும்போது மாங்காய் மலிந்திருக்கும், வேப்ப மரமும் பூத்துக் கொட்டும். அதனால் தேடி அலையாமல் செய்யக்கூடிய பண்டிகைப் பண்டம் இது.

தேவையானவை (8 பேருக்கு)

மாங்காய் – 1 (சுமார் 300 கிராம்)
பொடித்த வெல்லம் – 150 கிராம்
உலர்ந்த வேப்பம்பூ – 1 டீஸ்பூன்
நெய் – 2 டீஸ்பூன்
கடுகு – அரை டீஸ்பூன்
காய்ந்த மிளகாய் – 2
மஞ்சள்தூள் – 1 சிட்டிகை
உப்பு – கால் டீஸ்பூன்

கிளிமூக்கு மாங்காயில் புளிப்பு மட்டாக இருக்கும். இந்த அளவு வெல்லம் போதும். நாட்டு மாங்காய் என்றால் 200 கிராம் வரை தேவைப்படும். ஒரு கீற்றைக் கடித்துப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

செய்முறை

1. மாங்காயின் காம்புப் பக்கத்தைச் சீவி, வடியும் பாலைக் கழுவிவிடுங்கள். தோலைச் சீவ வேண்டாம்; துவர்ப்பு அதில்தான் இருக்கிறது. சதையை விரல் நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். சதை ஒட்டிய கொட்டையையும் சேர்க்கலாம். உள்ளிருக்கும் பருப்பை மட்டும் எடுத்துவிடுங்கள்.

2. எவர்சில்வர் பாத்திரத்திலோ கல்சட்டியிலோ ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு, மாங்காய், மஞ்சள்தூள், உப்பு சேர்த்து மிதமான தீயில் வேகவிடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

3. எட்டுப் பத்து நிமிடங்களில் தோல் பச்சை மங்கி, சதை ஓரங்களில் கண்ணாடிபோல் தெளியும். ஒரு துண்டைக் கரண்டியால் அழுத்தினால் எளிதாக நசுங்க வேண்டும். அதுவரை வெல்லத்தைத் தொடாதீர்கள். இனிப்பு சேர்ந்துவிட்டால் காய் அதற்குமேல் சரியாக வேகாது. எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்றே நிற்கும்.

4. அதற்குள் கால் டம்ளர் தண்ணீரில் வெல்லத்தைச் சூடாக்கிக் கரைத்து, மண் போக வடிகட்டுங்கள். பாகுப் பதம் தேவையில்லை.

5. வெந்த மாங்காயில் வெல்லக் கரைசலை ஊற்றி ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிடுங்கள். அரிசிமாவு கரைத்து ஊற்ற வேண்டியதில்லை. மாங்காயில் இயற்கையாக உள்ள பெக்டின் வெல்லத்தோடு சேர்ந்து தானே கெட்டிப்படுத்தும். தட்டில் ஒரு சொட்டு விட்டால் நீர் பிரிந்து ஓடக் கூடாது, அதுதான் பதம். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாகவே இறக்குங்கள்.

6. ஒரு டீஸ்பூன் நெய்யில் கடுகு வெடித்ததும் மிளகாயைக் கிள்ளிப் போட்டுச் சிவக்கவைத்துப் பச்சடியில் கொட்டுங்கள்.

7. மீதி நெய்யில் வேப்பம்பூவைச் சிறு தீயில் காபிப்பொடி நிறம் வரும்வரை வறுத்துத் தனியே வையுங்கள். பரிமாறும் நேரத்தில் மேலே தூவினால், இனிப்பும் புளிப்பும் அடங்கும் இடத்தில் மொறுமொறுவென்று கசப்பு தலைகாட்டும். முன்கூட்டியே கலந்தால் பூ நமுத்து, கசப்பு பச்சடி முழுவதும் இறங்கிவிடும்.

சரிசெய்ய

புளிப்பு தூக்கலாக இருந்தால் வெல்லத்தைத் தனியே கரைத்துச் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். தித்திப்பு மிஞ்சினால் ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள். இறுகிப்போனால் வெந்நீர் விட்டு இளக்குங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

முதல் நாள் இரவே செய்து ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சுவை குறையாது. விடிந்ததும் அடுப்படியில் ஒரு வேலை குறையும். வேப்பம்பூவை மட்டும் பந்திக்கு முன் வறுத்துக்கொள்ளுங்கள்.