செட்டாப் பாக்ஸ்: சொந்தமா, வாடகையா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

முன்னுரை

ஒரு பொருள் நம் வீட்டுக்கு வந்து சேரும் வழிகள் பல. விலை கொடுத்து வாங்கினால் சொந்தம். மாதந்தோறும் பணம் கொடுத்தால் வாடகை. ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவைத்துப் பின்னர் திரும்பப் பெற்றால் ஒத்தி. எதுவும் கொடுக்காமல் பெற்றால் இரவல். நிலத்துக்கும் வீட்டுக்கும் ஏற்பட்ட இச்சொற்கள், இன்று தொலைக்காட்சியின் அருகே வைக்கப்பட்டிருக்கும் சிறு பெட்டிக்கும் பொருந்துகின்றன. செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்கு உரிய செட்டாப் பாக்ஸை விலைக்கு வாங்குவது நன்றா, வாடகைக்கு எடுப்பது நன்றா? இக்கேள்விக்கு விடை காணுமுன், அப்பெட்டி செய்யும் வேலை என்ன என்பதை அறிதல் வேண்டும்.

அலையும் பூட்டும்

நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கி.மீ. உயரத்தில் ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் வலம் வருகின்றன. பூமி தன் அச்சில் ஒருமுறை சுழலும் அதே நேரத்தில் அவையும் ஒரு சுற்று முடிப்பதால், வானில் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதுபோல் தோன்றுகின்றன. ஆகவேதான் மாடியில் உள்ள டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்தால் போதுமானதாகிறது. டிஷ்ஷின் வடிவம் நாம் கணிதத்தில் படித்த பரவளையமே. அச்சுக்கு இணையாக வரும் அலைகள் அதில் பட்டுக் குவியத்தில் சேர்கின்றன. அங்கே பொருத்தப்பட்டுள்ள எல்.என்.பி. என்னும் கருவி, மிக நலிந்த அந்த அலைகளைப் பெருக்கி, 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்ணை 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்குள் இறக்கிக் கம்பி வழியே அனுப்புகிறது. அதிர்வெண் குறைந்தால் கம்பியில் ஏற்படும் இழப்பும் குறையும். கம்பியில் வருவதைப் படமாகவும் ஒலியாகவும் மாற்றுவது செட்டாப் பாக்ஸ்.

மழை பெய்யும்போது ஓட்டு வீடு, மாடி வீடு என்று பார்த்துப் பெய்வதில்லை. செயற்கைக்கோளின் அலையும் அத்தகையதே. சந்தா கட்டியவர் மாடியிலும் கட்டாதவர் மாடியிலும் அது ஒன்றுபோல் விழுகிறது. கேபிள்காரர் பணம் கட்டாத வீட்டின் கம்பியைத் துண்டிக்கலாம். வானிலிருந்து வரும் அலையை எவரும் துண்டிக்க இயலாது. எனவே நிறுவனங்கள் அலையையே பூட்டி அனுப்புகின்றன. அப்பூட்டைத் திறக்கும் சாவி பெட்டிக்குள் உள்ள அட்டையிலோ சில்லிலோ இருக்கிறது. நாம் ரீசார்ஜ் செய்ததும், ‘இந்த எண்ணுள்ள பெட்டி திறக்கலாம்’ என்னும் அனுமதி அதே செயற்கைக்கோள் வழியாக வந்து சேர்கிறது. ஆக, நிறுவனத்துக்கு இருக்கும் ஒரே வாசற்கதவு இப்பெட்டிதான். பெட்டி யாருடையது என்ற வழக்கின் வேர் இந்த இயற்பியல் உண்மையில் இருக்கிறது.

வரலாறு

நம் நாட்டில் முதன்முதலில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி பார்த்த கிராம மக்கள் பெட்டியை வாங்கவுமில்லை, வாடகைக்கு எடுக்கவுமில்லை. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை நடைபெற்ற ‘சைட்’ சோதனையில், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. ஊர்ப் பொதுவிடத்தில் வைக்கப்பட்ட பெட்டி. கம்பிவலையாலான, 3 மீட்டர் விட்டமுள்ள டிஷ். பெட்டி பொது உடைமை. பராமரிப்பும் அரசின் பொறுப்பு.

வீட்டுக்கு நேரடியாக ஒளிபரப்பும் டி.டி.எச். சேவைக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2001 மார்ச்சில் வெளியிட்டது. 2003 இல் டிஷ் டிவி, 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் சேவை, 2006 இல் டாடா ஸ்கை, 2007 இல் சன் டைரக்ட் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இக்கேள்வியை நமக்கு முன்பே சந்தித்த நாடு அமெரிக்கா. அங்கே டைரக்டிவி நிறுவனம் 1994 இல் தொடங்கியபோது, மக்கள் கடையில் ஏறத்தாழ 700 டாலர் கொடுத்துப் பெட்டியைச் சொந்தமாக வாங்கினர். நாளடைவில் போட்டி மிகுந்தது. நிறுவனங்கள் விலையின் பெரும்பகுதியைத் தாமே ஏற்றுக்கொண்டு பெட்டியைக் கொடுத்தன. கைப்பணம் போட்ட பெட்டி வாடிக்கையாளருடன் போய்விடுவதை எந்த நிறுவனம் விரும்பும்? 2006 இல் டைரக்டிவி வாடகை முறைக்கு மாறிற்று. அதன்பின் இணைப்பை விடுவோர் பெட்டியைத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் அதற்குக் கட்டணம் உண்டு.

ஒரு சிறு கணக்கு

விளக்கத்துக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். பெட்டியின் விலை 1,500 ரூபாய்; வாடகை மாதம் 40 ரூபாய். 1,500 ஐ 40 ஆல் வகுத்தால் 37.5. அதாவது மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல் வைத்திருந்தால் சொந்தம் லாபம். ஐந்து ஆண்டுகளில் வாடகை 2,400 ரூபாய் ஆகும். சொந்தப் பெட்டிக்கு இடையில் 600 ரூபாய் பழுதுச் செலவு வந்தாலும் மொத்தம் 2,100 தான்.

ஆனால் ஓராண்டிலேயே நிறுவனத்தை மாற்ற நேர்ந்தால்? சொந்தக்காரருக்கு மாதம் 125 ரூபாய் அடக்கமாகிறது. வாடகைக்காரருக்கு அதே 40 ரூபாய்தான். ஆகவே சொந்தத்தின் லாபம் பெட்டியின் விலையில் மட்டும் இல்லை. அதை எத்தனை நாள் பயன்படுத்த முடிகிறது என்பதில் இருக்கிறது. அந்த நாள்களை முடிவு செய்வது யார்?

பாதை இல்லாத நிலம்

கைபேசி ஒன்றை வாங்குகிறோம். சிம் அட்டையை மாற்றி எந்த நிறுவனத்துக்கும் போகிறோம். 2011 முதல் நாடு முழுவதும் எண்ணைக்கூட மாற்ற வேண்டியதில்லை. செட்டாப் பாக்ஸில் அவ்வாறு இயலாது. ஒரு நிறுவனத்தின் பெட்டியை மற்றொரு நிறுவனத்துக்குப் பயன்படுத்தும் வசதி வேண்டும் என்பது 2001 நெறிகளிலேயே உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் மீண்டும் இதைப் பரிந்துரைத்தது. எனினும் நடைமுறையில் நிறுவனம் மாறினால் பெட்டியும் மாறுகிறது.

எங்கள் வீட்டில் நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நிறுவனத்தின் பெட்டியை விலைக்கு வாங்கினோம். மாதச் சந்தா கட்டுப்படியாகாமல் இரண்டே ஆண்டுகளில் வேறு நிறுவனத்துக்கு மாறினோம். பழைய பெட்டி பரணில் இருக்கிறது. பழைய டிஷ்ஷில் அம்மா சுண்டைக்காய் வற்றல் காயவைக்கிறார். “பெட்டி நமக்குச் சொந்தம்தானே, ஏன் வேலை செய்யவில்லை?” என்று நான் கேட்டதற்கு, குத்தகை நிலத்தில் பாடுபடும் என் தந்தை சொன்னார்: “தம்பி, பட்டா நம்ம பேர்ல இருந்து என்ன செய்ய? வண்டிப்பாதை அடுத்தவன் காட்டுல இருந்தா, அறுத்த நெல்லை எப்படி வீட்டுக்குக் கொண்டாறது?” இதைவிடத் தெளிவாக எவரும் விளக்க இயலாது என்பது என் எண்ணம்.

இரவல் பெட்டிக்கும் இதே நிலைதான். தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017 முதல் விலையின்றிப் பெட்டிகளை வழங்கியது. இணைப்பை விடுவோர் அவற்றைத் திருப்பித் தர வேண்டும். 2022 நவம்பரில் மென்பொருளைக் கவனித்த தனியார் நிறுவனத்துடன் ஏற்பட்ட தகராறில், பல மாவட்டங்களில் அப்பெட்டிகள் செயலற்றுப் போயின. பெட்டியில் பழுதில்லை, அனுமதிதான் வரவில்லை.

முழுச் சொந்தத்துக்கும் எடுத்துக்காட்டு உண்டு. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் சேவைக்கு மாதச் சந்தா இல்லை. கடையில் ஒருமுறை பெட்டி வாங்கினால் போதும்; பூட்டில்லாத அலைவரிசைகளைக் காண யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் மக்கள் விரும்பும் கட்டண அலைவரிசைகள் பல அதில் கிடைப்பதில்லை.

முடிவுரை

பூட்டில்லாத பெட்டியை வாங்குவது நன்று. பூட்டுள்ள பெட்டியாயின், பல்லாண்டு ஒரே நிறுவனத்தில் இருக்கும் உறுதி உள்ளவர் வாங்கலாம். வேலையின் பொருட்டு ஊர் மாறுவோரும், சந்தாவில் உறுதியில்லாதோரும் வாடகைக்கு எடுப்பதே தக்கது. எதுவாயினும் கையெழுத்திடுமுன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். பழுதானால் செலவு யாருடையது? கட்டிய முன்பணத்தில் எவ்வளவு திரும்பும்? இணைப்பை விட்டால் பெட்டியைத் தர வேண்டுமா? வேறு நிறுவனத்துக்கு அது பயன்படுமா?

நம் கல்லூரியில் பயிலும் பலர், அவரவர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வீட்டுக்கு வரும் ஒப்பந்தத் தாள்கள் பெரும்பாலும் சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கின்றன. பெற்றோர் நம்பிக்கையோடு கைநாட்டு வைக்கிறார்கள். அத்தாளை வாங்கி, இந்நான்கு கேள்விகளுக்கும் விடை தேடிப் படித்துச் சொல்வது நாம் பெற்ற கல்விக்கு நாம் செய்யும் முதல் மரியாதையாகும்.