நன்றியுரை எழுதுமாறு

பட்டப்படிப்பை நிறைவுசெய்த இரணைமடு மாணவரொருவர், ஆசிரியர்க்கும் உடன்பணியாற்றுவோர்க்கும் எழுதிய நன்றியுரையை என்னிடம் காட்டினார். ‘அனைவர்க்கும் நன்றி’ என்றிருந்தது. அஃது ஒருவர்க்கும் கூறாத நன்றியாகும், அவ்வாறே சொன்னேன்.

உ. வே. சாமிநாதையரவர்களைக் காண்க. சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. ஆசிரியராகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களோ 1876இலேயே மறைந்தவர். ஐயரவர்கள் அவர் சரித்திரத்தை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். அதே ஆசிரியரிடம் முன்னர்ப் பயின்ற தியாகராச செட்டியார், 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த பதவியை ஐயருக்குப் பெற்றுத் தந்தார். திருவல்லிக்கேணியில் ஐயர் வாழ்ந்த இல்லத்தின் பெயர் ‘தியாகராச விலாசம்’! பெயர் சுட்டிய நன்றி இதுவன்றோ?

மாணவர் உரையைத் திருத்தி வந்தார். இடப்பெயர்வுக் காலத்தில் மரநிழலிற் பாடஞ்சொன்ன ஆசிரியையின் பெயர் முதல் வரியிலிருந்தது.