வளைந்த மரமும் பலகையாகும்

வரப்பு மரத்தை வெட்டினால் நேரான அடித்துண்டு அறுவை மில்லுக்குப் போகும். வளைந்ததும் முடிச்சு விழுந்ததும் விறகு விலைக்கே போகும். நம் அங்கத்தினர்களில் மரம் வைத்திருப்போர் பலருக்கும் இது பழகிப்போன நஷ்டம். அவ்விறகிலிருந்து நார்ப்பலகை செய்யும் முறையை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

மரம் என்பது நாரும், நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருளும் சேர்ந்தது. வன்மரங்களின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு லிக்னினே. நெசவாளர் பாவுக்குக் கஞ்சி போடுகிறார். மரமோ தன் கஞ்சியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது! ஆனால் வன்மர நாரின் நீளம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். பருத்தி இழையைப்போல் நூற்க இயலாது. காகிதம்போல் படிய வைக்கலாம்.

மரத்தை ஓர் அங்குலச் சில்லுகளாக்கி, நீராவியில் வேகவைத்து, இரும்புத் தட்டுகளிடையே அரைத்தால் நார் பிரியும். அதை நீரில் கரைத்துக் கம்பிவலையில் வடித்தால் ஈர அடை கிடைக்கும். சுமார் 200 டிகிரி உஷ்ணத்தில் அதை அழுத்த, இளகிய லிக்னின் மீண்டும் இறுகி நார்களைப் பிணைக்கும். ஹார்டுபோர்டின் முதுகில் நாம் காணும் வலைத்தடம் நீர் வெளியேறிய வழியே. அமெரிக்காவில் வில்லியம் மேசன் 1924இல் இவ்விதம் பலகை கண்டார். கேரளத்து வளபட்டணத்தில் 1945இல் தோன்றிய வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட்ஸ் நிறுவனமும் ஹார்டுபோர்டு செய்துள்ளது. இன்று பரவலாக விற்கும் எம்.டி.எஃப். பலகைக்கு நாரை உலர்த்தி, யூரியா பார்மால்டிஹைடு பசை சேர்க்கிறார்கள்.

அப்படியாயின் நம் சங்கமே ஓர் ஆலை வைத்தால் என்ன? கூடாது என்பதே நம் கருத்து. கொதிகலனுக்கும் அழுத்த யந்திரத்துக்கும் ஆகும் முதல் நம் பங்குத் தொகைக்கு அடங்காது. அதைவிடப் பெரிது கழிவுநீர். ஈரமுறையில் மரச்சத்து கரைந்த நீர் ஏராளமாக வெளிவரும். உக்கடம் பெரியகுளத்துக்கு நீர் தருவது நொய்யல். அதே நொய்யல் திருப்பூரில் சாயக்கழிவால் பட்ட பாட்டையும், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் நெசவாளர்க்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

மரத்தைச் சேர்த்து விற்பதில் சங்கம் உதவலாம். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர். எடைக்கு விலை பேசியபின் பத்து நாள் வெயிலில் கிடந்தால், குறைவது விவசாயியின் பணமே. ஆலைக்கும் மிக உலர்ந்த மரம் உதவாது, அரைக்கையில் தூளாகிவிடும். ஆகவே லாரியை ஏற்பாடு செய்தபின் வெட்டுக. மண் ஒட்டாமல் அடுக்குக. வெட்டிய மறுநாளுக்குள் எடை போட்டு, சீட்டைக் கையில் வாங்கிக்கொள்க.