லங்காஸ்டர் கட்டுமுன் தராசு வாங்குங்கள்

கேள்வி: ஐந்தாறு வருடமாகச் சின்ன ஆர்.சி. விமானங்களைப் பறக்கவிடுகிறேன். அடுத்து, இரண்டாம் உலகப் போரின் அவ்ரோ லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தைக் கட்ட ஆசை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: எடையில்தான். அதிலும் வால் பக்கத்து எடையில்.

நிஜ லங்காஸ்டரின் இறக்கை 31 மீட்டர் சொச்சம். 1:12 அளவில் அது 2.6 மீட்டர் ஆகும். காரில் ஏற்ற வேண்டுமே, இறக்கையைக் கழற்றி மாட்டும்படி கட்டுங்கள். நிஜ ப்ரொபெல்லரின் விட்டம் 13 அடி. உங்களுக்கு 13 அங்குலம். மொத்த எடை 7 கிலோவுக்குள் நின்றால் நான்கு மோட்டாருக்கும் சேர்த்து 1,500 வாட் போதும்.

இந்த விமானத்துக்கு மூக்கு குட்டை, வால் நீளம். வாலில் 50 கிராம் கூடினால், ஈடுகட்ட மூக்கில் 80, 90 கிராம் ஈயம் வேண்டியிருக்கும். என் முதல் லங்காஸ்டரில், வால் நுனியிலிருக்கும் துப்பாக்கிக் கூண்டை நான்கு பிரௌனிங் துப்பாக்கிகளோடு ரெசினில் வார்த்து அழகு பார்த்தேன். விளைவு? குண்டு குறிபார்ப்பவர் குப்புறப் படுக்கும் இடத்தில் அரை கிலோ ஈயம் படுத்துக்கொண்டது. கூண்டை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செய்யுங்கள். இரட்டை வால் துடுப்புகளுக்கு லேசான பால்சா எடுங்கள். சர்வோக்களை இறக்கைக்குப் பக்கத்திலும், பேட்டரிகளை முடிந்தவரை முன்னாலும் வையுங்கள். வாலுக்குப் போகும் ஒவ்வொரு துண்டையும் ஒட்டுமுன் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெயின்டுக்கும் எடை உண்டு.

கட்டி முடித்ததும் பேட்டரியோடு சேர்த்து, இருவராக இறக்கைக்கு அடியில் விரல் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். வரைபடத்தில் குறித்த இடத்தில் சமமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் அன்றைக்குப் பறக்கவே விடாதீர்கள்.

ஓடுபாதையில் த்ராட்டிலை மெதுவாகத் தள்ளுங்கள். நான்கு ப்ரொபெல்லரும் ஒரே திசையில் சுற்றுவதால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். நிஜ விமானிகளும் இடப்பக்க த்ராட்டில்களைச் சற்று முந்தவிட்டுத்தான் இதைச் சமாளித்தார்கள். நீங்கள் ரட்டரால் திருத்தலாம். வேகம் பிடிக்கும்வரை எலிவேட்டரை லேசாக மேலே பிடித்திருந்தால் வால் சக்கரம் தரையை விடாது.

வானில் ஒரு மோட்டார் நின்றால் கை தானாக த்ராட்டிலைக் கூட்டும். அங்கேதான் விபரீதம்: ஓடுகிற பக்கம் முன்னே தள்ள, விமானம் நின்ற பக்கமாகப் புரண்டு விழும். த்ராட்டிலைக் குறையுங்கள், மூக்கைத் தாழ்த்துங்கள், நேராக இறக்குங்கள். கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் இதைக் கை பழகும்வரை செய்து பாருங்கள்.

தரையிறங்கும்போது த்ராட்டிலை முழுதாக மூடாதீர்கள். சக்கரம் தரை தொடும்வரை கொஞ்சம் ஓடட்டும். முதல் நாள் ஒரே ஒரு பறப்பு போதும். வீட்டுக்கு வந்து, மோட்டார் திருகுகள் எதுவும் தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்.