நுரை பொங்கினால் அழுக்குப் போகுமா?

"டாக்டர், பையனுக்கு இடுப்பைச் சுத்தி ஒரே அரிப்பு. களிம்பு தடவினா அடங்குது, திரும்ப வந்துடுது" என்று வரும் தாய்மார்களிடம் நான் முதலில் கேட்பது: "துணிக்கு எவ்வளவு சோப்புத்தூள் போடுறீங்க?"

"அளவெல்லாம் இல்லை, கையால அள்ளிப் போடுவேன்" என்பார்கள். தப்பே அங்குதான்!

அளவு மீறிய தூள் அலசும்போது முழுவதும் போகாது. இழைகளில் தங்கிவிடும். வியர்வையும் உராய்வும் சேரும் இடுப்பு, அக்குள், கழுத்தில் தோலை உறுத்தும். கரப்பான் உள்ள குழந்தைக்குத் தொல்லை இரட்டிப்பு.

நுரை அழுக்கை எடுப்பதில்லை. முன்பக்கம் கதவுள்ள மெஷினில் நுரை மிஞ்சினால் துணி சரியாகப் புரண்டு விழாது, அழுக்கும் நிற்கும்.

ஒரு சோதனை: துவைத்துக் காய்ந்த பனியனை வெறும் தண்ணீரில் கசக்குங்கள். நுரை வருகிறதா? தூள் தங்கியிருக்கிறது.

என்ன செய்யலாம்?

* பாக்கெட்டில் உள்ள அளவைக் கரண்டியால் அளந்து போடுங்கள். அரை மெஷின் துணிக்கு முழு அளவு வேண்டாம்.
* உப்புத் தண்ணீருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். அப்போது இன்னொரு முறை அலசுங்கள்.
* குழந்தைத் துணியை எப்போதும் கூடுதலாக ஒருமுறை அலசுங்கள்.

இரண்டு வாரத்தில் அரிப்பு குறையாவிட்டால் வேறு காரணம் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். காரணத்தை விலக்காமல் மருந்து மட்டும் தடவிப் பயனில்லை.