இரட்டை எஞ்சின் விமானப் பயிற்சி: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது

அறந்தாங்கியோ ஆலங்குடியோ, பிள்ளை "பைலட் ஆகணும்" என்று சொன்னால் வீட்டில் முதலில் எழும் பேச்சு நிலத்தை விற்பதா, அடமானம் வைப்பதா என்பதுதான். வணிக விமானி உரிமம் பெற இன்று பொதுவாக நாற்பது லட்சத்துக்கு மேல் செலவாகிறது. நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. அதனால் பள்ளியை நேரில் பார்க்காமலே, செல்போன் விளம்பரத்தை நம்பி முன்பணம் அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "உங்ககிட்ட இப்போ பறக்கிற நிலையில இரட்டை எஞ்சின் விமானம் எத்தனை இருக்கு?"

உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். பெரும்பகுதி செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் முடிந்துவிடும். கடைசிக் கட்டத்தில்தான் டைமண்ட் டி.ஏ.42 போன்ற இரட்டை எஞ்சின் விமானம் வரும். ஒரு எஞ்சின் நின்றால் விமானம் ஒரு பக்கம் இழுக்கும். அதைச் சமாளிக்கப் பழக வேண்டும். மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கவும் பழக வேண்டும். இதுதான் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். ஏர்பஸ், போயிங் ஓட்டப் போகிறவருக்கு இரண்டும் கட்டாயம்.

ஒரு கணக்குப் போடுவோம். பள்ளியில் 60 மாணவர்கள், ஆளுக்கு 15 மணி நேரம் என்றால் 900 மணி நேரம். விமானம் ஒன்றே ஒன்று, நாளைக்கு நான்கு மணி நேரம் பறக்கிறது என்றால் 225 நாள் ஆகும். அதுவும் மழை, பழுது, பராமரிப்பு எதுவும் குறுக்கிடாமல் இருந்தால்! உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் வரிசை அப்படியே நிற்கும். விடுதி வாடகையோ நிற்காது. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் ஓராண்டுக்குத்தான் செல்லும்.

விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியல் இருக்கிறது. பள்ளிகளுக்குத் தரவரிசையும் வெளியிடுகிறார்கள். செல்போனிலேயே பார்க்கலாம். ஆனால் அது போதாது. ஒருமுறை நேரில் போய், ஹேங்கரில் நிற்கும் விமானங்களை எண்ணுங்கள். "போன மாசம் இரட்டை எஞ்சின் எத்தனை மணி நேரம் பறந்துச்சு?" என்று இப்போது படிக்கும் மாணவர்களிடமே கேளுங்கள். அலுவலகத்தில் கேட்பதைவிட அது உருப்படியான பதில். கட்டணத்தைத் தவணையாக, பறந்த மணி நேரத்துக்கு ஏற்பக் கட்ட முடியுமா, பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது. அதில் சேர நுழைவுத் தேர்வு உண்டு.

மருத்துவப் பரிசோதனையை முன்பணத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். பணம் கட்டிய பிறகு நிறக்குருடு தெரியவந்தால் யாரைக் கேட்பது? பிளஸ் 2-வில் இயற்பியல், கணிதம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைப் பட்டியலில் வணிக விமானி உரிமப் படிப்பும் உண்டு, இரட்டை எஞ்சின் பயிற்சி உட்பட. இது பலருக்குத் தெரியாது. பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, நீங்கள் தேர்ந்தெடுத்த பள்ளிக்கு எவ்வளவு தொகை கிடைக்கும் என்று மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் சேருவதற்கு முன்பே கேளுங்கள்.