பணம் போயிற்று, டிக்கெட் எங்கே?

மாணவர்களே! இணையவழியில் பேருந்து டிக்கெட் வாங்கும்போது, சில வேளைகளில் வங்கிக் கணக்கில் பணம் குறைந்துவிடும், டிக்கெட்டோ வராது. இது ஏன்?

இருக்கையை ஒதுக்குவது ஒரு கணிப்பொறி. பணத்தை எடுப்பது வங்கியின் கணிப்பொறி. டிக்கெட்டை வழங்குவது வேறொன்று. ஒன்று செய்ததை மற்றொன்று தானாக அறியாது. மூன்றும் முடியும்வரை எல்லாக் கணக்குகளையும் பூட்டி வைத்தால், மற்றப் பயணிகள் காத்துக் கிடக்க நேரிடும்.

தரவுத்தளத்தில் நெடுநேரம் நடக்கும் வேலைகளுக்கென 1987-ல் ஹெக்டர் கார்சியா-மோலினா, கென்னத் சேலம் என்னும் இருவர் 'சாகா' என்ற முறையைக் கூறினர். இன்று தனித்தனிச் சேவைகளை ஒருங்கிணைக்கவும் அது பயன்படுகிறது. வேலையைச் சிறு படிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஓர் ஈடுசெய்யும் படியையும் முன்னதாகவே வகுத்துவிட வேண்டும். மூன்றாம் படி தவறினால், முதலில் பணம் திரும்பும். பிறகு இருக்கை விடுவிக்கப்படும். அதாவது, கடைசியிலிருந்து பின்னோக்கி ஈடு நடக்கும்.

ஈடுசெய்தல் வேறு, அழித்தல் வேறு என்பதைக் கவனியுங்கள். வங்கிக் கணக்கில் பற்று, வரவு இரண்டும் பதிவாகியே இருக்கும்.

இப்போது ஒரு கேள்வி: 'டிக்கெட் உறுதி' என்று அனுப்பிய குறுஞ்செய்தியைப் படித்தவர் மனத்திலிருந்து திரும்பப் பெற முடியாது. அப்படியானால், அதை எத்தனையாவது படியாக வைப்பீர்கள்? காரணத்துடன் எழுதிப் பாருங்கள்.